நாளுக்கு 2 ஜிபி, அறைக்குள் எவ்வளவு?

கொரோனா காலம். 2021 ஜனவரியில் பெரும்பாலான கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு என்பது இன்னும் கைபேசித் திரையில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 10ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், உதவித்தொகை பெறுவோர் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் ஆகியவற்றில் பயிலும் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம். டேட்டா கார்டுகளை மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழங்கும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி என்று வடசென்னைப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் கல்லூரிகள் இந்த வகையில் வருபவை. ரீசார்ஜுக்குக் காசு கேட்கத் தயங்கும் வீடுகளில் அது பெரிய உதவி.

2 ஜிபி என்ற கணக்கிலும் பிழை இல்லை. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்தில் 3,600 மெகாபிட் இழுக்கும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அது 450 எம்பி. நான்கு மணி நேரம் பாடம் கேட்டால் 1.8 ஜிபி. கொஞ்சம் மிச்சமும் இருக்கும். (வேகத்தைப் பிட்டிலும் அளவைப் பைட்டிலும் சொல்வது தொலைத்தொடர்புத் துறையின் வழக்கம். விளம்பரத்தில் காணும் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 எம்பி அல்ல, 12.5 எம்பிதான்.)

ஆனால் 2 ஜிபி என்பது ஓர் அனுமதி மட்டுமே. அவ்வளவும் கைக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: வீட்டுச் சுவர், கூரை, தெருவில் உள்ள கூட்டம், மணி எட்டா பன்னிரண்டா என்பது. எந்த பேக் போடலாம் என்று கடையில் விலைப்பட்டியலைப் பார்த்து யோசிப்பவர்கள் பெரும்பாலும் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வடசென்னையின் கொருக்குப்பேட்டை போன்ற ஒரு பகுதியில் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வரும் தண்டவாளமும், கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் தண்டவாளமும் சேரும் இடம் கொருக்குப்பேட்டை. சரக்கு ரயில், கன்டெய்னர் லாரி, கால்வாய், இவற்றுக்கு நடுவே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகள். ஒரே தெருவில் கான்கிரீட் மாடி, அதற்கடுத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்கடுத்துத் தகர ஷீட். வாசலில் நிற்கும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் உள்ளறைக்குப் போனதும் "டவர் கிடைக்கல, வெளிய வந்து பேசறேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

கைபேசி பேசுவது வானொலி அலையில். ஒவ்வொரு நிறுவனமும் ஏலத்தில் எடுத்த அலைவரிசைகளில் சேவை தருகிறது. 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். 1800க்கு 17 சென்டிமீட்டர். 5ஜிக்குப் பயன்படும் 3500க்கு 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளமான அலை சுவரைக் கடப்பதிலும், மூலை திரும்பித் தெருவுக்குள் வளைந்து வருவதிலும் கெட்டிக்காரத்தனம் காட்டும். குறுகிய அலைக்கு அந்தத் திறன் குறைவு. ஆனால் அங்கேதான் அகலமான இடம் காலியாக இருக்கிறது என்பதால் வேகம் அதில் கிடைக்கிறது. எட்டுவது ஒன்று, வேகம் தருவது மற்றொன்று. இந்த இழுபறிதான் கைபேசி வலைப்பின்னல்களின் அடிப்படைச் சிக்கல்.

உலகெங்கும் கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு கட்டடச் சுவர்களுக்கென்று ஒரு கணக்கு மாதிரி வைத்திருக்கிறது. அதன்படி 850 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் சுவரைக் கடக்கும்போது 8.4 டெசிபல் இழக்கிறது. வந்த ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு உள்ளே போகும் என்று பொருள். 3500 மெகாஹெர்ட்ஸ் அலை அதே சுவரில் 19 டெசிபல் இழக்கிறது. உள்ளே போவது எண்பதில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணாடி ஜன்னலில் இழப்பு 3 டெசிபலுக்கும் குறைவு, அதாவது பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடும். ஜன்னலோரம் கைபேசியை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் படிக்காமலே சரியாகச் செய்கிறார்கள்.

தகரம் வேறு கதை. உலோகத்துக்குள் இந்த அலைகள் சில மைக்ரான் ஆழத்தைத் தாண்டுவதில்லை, பட்ட இடத்திலிருந்து திரும்பிவிடுகின்றன. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் உள்ள அறையில் கதவு, ஜன்னல், இடுக்கு வழியாக நுழைவது மட்டுமே மிச்சம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சிமென்ட் கலந்த மெல்லிய தகடு, அது அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. உடல்நலத்துக்குக் கேடான அந்தக் கூரையின் கீழ் சிக்னல் மட்டும் நன்றாக இருக்கும் என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

இதே நிறுவனங்களின் அலை கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, காசிமேட்டிலிருந்து படகு ஏறுபவரிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கடலில் சுவர் இல்லை. அங்கே தடை பூமியின் வளைவு. கரையில் 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்து, படகில் இருப்பவர் கைபேசியை 2 மீட்டர் உயரத்தில் பிடித்தால் இரண்டுக்கும் இடையே வானொலி அலைக்கான நேர்பார்வை ஏறக்குறைய 28 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பழைய 2ஜி முறையில் இன்னொரு வரம்பும் உண்டு. கைபேசியின் பதில் குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதால் 35 கிலோமீட்டருக்கு அப்பால், சிக்னல் வலுவாக இருந்தாலும், வழக்கமான அமைப்பில் இணைப்பு கிடைக்காது.

ஆக, பேக்கின் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது எந்த நிறுவனத்தின் எந்த அலை இந்த அறைக்குள் வருகிறது என்பது. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2022 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த 5ஜி ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் எடுத்ததும் அந்நிறுவனம்தான். ஏர்டெல் அதை வாங்கவில்லை. இதை வைத்து எது உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. கோபுரம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அலைவரிசையை விடப் பெரிய விஷயம். பக்கத்துத் தெருவில் நன்றாக எடுக்கும் சிம் இந்தத் தெருவில் திணறலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை வெளியிட வேண்டும். பயனுள்ள ஏற்பாடு அது. ஆனாலும் வரைபடம் காட்டுவது தெருவை. மூன்றாவது அறையை அல்ல.

அறையை அளக்கும் கருவி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு தெரியும். 4ஜியில் மைனஸ் 80 என்றால் மிக நன்று. மைனஸ் 110 என்றால் தடுமாற்றம். 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது, 20 குறைந்தால் நூறில் ஒன்று. மேலே தெரியும் கம்பிகளை விட இந்த எண்ணை நம்பலாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கம்பி என்பதை ஒவ்வொரு கைபேசித் தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதே காரணம்.

கம்பிகள் முழுதாக நிற்கும்போதே வீடியோ சுற்றிக்கொண்டிருப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே குறை சிக்னலில் இல்லை, நெரிசலில். ஒரு கோபுரத்தின் அலைவரிசை தெருக்குழாய் மாதிரி. வரும் தண்ணீர் ஓர் அளவுதான், குடங்கள் எத்தனை வந்தாலும் அதையே பங்கிட வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலையை 100 துண்டுகளாகப் பிரித்து, ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை யாருக்கு எத்தனை துண்டு என்று கோபுரம் முடிவு செய்கிறது. இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரண கைபேசிக்கு அத்தனையும் ஒருவருக்கே கிடைத்தால் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். இரவு எட்டரை மணிக்கு அப்படி யாருக்கும் கிடைக்காது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளாட் ஷானன் நிறுவிய சூத்திரப்படி, ஒரு தடத்தில் எவ்வளவு செய்தி போகும் என்பது அதன் அகலத்தையும், இரைச்சலை விடச் சிக்னல் எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சிக்னல் நன்றாக உள்ளவருக்கு ஒரு துடிப்பில் 6 பிட் ஏற்றி அனுப்பலாம். சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு 2 பிட்தான் பிழையில்லாமல் போய்ச் சேரும். அதே பாடலை இறக்க அவருக்கு மூன்று மடங்கு துண்டுகள் செலவாகும். நூறு வீடுகள் இருட்டறைக்குள் இருக்கும் பகுதியில் எல்லோருக்குமே வேகம் குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம். நெரிசலான குடியிருப்புகளுக்கு விசாலமான குடியிருப்புகளை விட அதிகக் கோபுரங்கள், சிறு ஆன்டெனாக்கள் தேவை. ஒரே விலையை எல்லோரிடமும் வாங்கும் நிறுவனங்கள் அதைச் செய்ய வேண்டியவை.

இனி பேக்குக்கு வரலாம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கும் வரை மாதத்துக்கு 1 ஜிபி என்பதே 250 ரூபாய் அளவில் விற்றது. அதன் பிறகு மாதக் கணக்கு போய் நாள் கணக்கு வந்தது: நாளுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு ஜிபி. நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும், மிஞ்சியது போய்விடும். கோபுரத்தின் திறனைச் சேமித்து வைக்க முடியாது, ஒருவர் பயன்படுத்தாத விநாடி வீணான விநாடிதான். அதனால் பயன்பாட்டை நாள்தோறும் பரப்புவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் நெரிசல் மாலையில்தான் வருகிறது. காலை ஆறு மணிக்குக் காலியாக இருக்கும் கோபுரத்தில் ஒருவர் பயன்படுத்தினாலும் அதே கணக்கில் கழிவதை இந்த நியாயம் விளக்காது. வோடஃபோன் ஐடியா சில பேக்குகளில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும், வார நாளில் மிஞ்சியதைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளியதும் அறிவியலோடு ஒத்துப்போகும் வழிகள். பின்லாந்தில் நிறுவனங்கள் அளவை விற்பதில்லை. டேட்டா வரம்பில்லாதது, வேகத்துக்குத் தகுந்த விலை.

மணலியிலும் எண்ணூரிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு நாள் கணக்கு பேக் ஒரு விதத்தில் வாய்ப்பானது. ஷிப்டின் நடுவே நள்ளிரவு வருவதால் இரண்டு நாள் ஒதுக்கீடு ஒரே இரவில் கிடைக்கும். வார நாட்களில் பேருக்குக்கூட இணையம் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் பார்க்கும் சுமைப்பணித் தொழிலாளிக்கு அதே பேக் நட்டம். வாரத்தில் ஆறு நாள் அவர் வாங்கியது நள்ளிரவில் காலாவதியாகிறது. ஏழாம் நாள் ஒன்றரை ஜிபியும் தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குகிறது. அந்த வேகத்தில் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவருக்கு ஏற்றது மொத்தமாக இத்தனை ஜிபி என்று தரும் பேக். எனவே ஒருவர் முதலில் செய்ய வேண்டியது கைபேசியின் செட்டிங்ஸில் கடந்த மாதம் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பார்ப்பது. வீடியோ பார்ப்பதும் தானாக ஓடும் சிறு வீடியோக்களும்தான் பட்டியலில் பெரும்பாலும் முதலில் நிற்கும். யூடியூபில் தரத்தை 480க்குக் குறைத்தால் ஆறங்குலத் திரையில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. டேட்டா செலவு வெகுவாகக் குறையும்.

வாட்ஸ்அப்பில் பேசுவது டேட்டாவில் கழியும், நேரடியாக எண்ணை அழைத்துப் பேசுவது கழியாது. வரம்பில்லா அழைப்புக்குக் காசு கட்டிவிட்டு உள்ளூர்ச் சொந்தங்களிடம் வாட்ஸ்அப்பில் பேசுவது அதே சேவைக்கு இரண்டு முறை செலவு செய்வது.

விலையைப் பார்க்கும்போது நாட்களையும் பார்க்க வேண்டும். 28 நாள் பேக் போடுபவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறார். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது ஜியோவின் நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் 28 நாளுக்கு 299 ரூபாய், 84 நாளுக்கு 799 ரூபாய் என்று ஆனது. முதலாவதில் ஒரு நாள் செலவு 10 ரூபாய் 68 காசு, இரண்டாவதில் 9 ரூபாய் 51 காசு. ஆண்டு முழுதும் பார்த்தால் 425 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மொத்தமாக 799 எடுத்து வைக்க முடிந்தவருக்கு மலிவு. அன்றாடக் கூலியில் 299ஐச் சேர்ப்பவருக்குக் கூடுதல் விலை. குறைவாக உள்ளவர் அதிகம் கட்டும் இந்த ஏற்பாடு மாற வேண்டியது. டிராய் 2022 ஜனவரியில் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பேக் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளையும் கட்டாயமாக்கியது. பட்டன் போனில் பேரப்பிள்ளையிடம் பேசுவதோடு சரி என்றிருக்கும் பாட்டிக்கு டேட்டாவுக்காகக் காசு கட்ட வேண்டிய அவசியம் இனி இல்லை. கடையில் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

2022 அக்டோபர் 1 அன்று ஏர்டெல் 5ஜி தொடங்கிய முதல் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. வரம்பில்லா 5ஜி என்ற வாசகம் அதன்பின் எல்லாச் சுவரிலும் ஏறியது. 2024 உயர்வுக்குப் பின் ஜியோவில் அது நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. வீட்டுக்குள் 5ஜி வராவிட்டால் கைபேசி தானாக 4ஜிக்கு இறங்கிவிடும், உடனே நாள் ஒதுக்கீடு கழியத் தொடங்கும். வாசலில் 5ஜி, படுக்கையறையில் 4ஜி என்று இருக்கும் வீட்டில் அந்தச் சலுகைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் இரவில் படுக்கும் இடத்தில் திரையின் மூலையில் எந்த எழுத்து தெரிகிறது என்று பார்ப்பது நல்லது.

நான்கு கைபேசி உள்ள குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 உயர்வுக்குப் பின் இருந்த விலையில் நான்கு பேருக்கும் 299 என்றால் 1,196 ரூபாய். அதற்குப் பதில் 28 நாளுக்கு மொத்தம் 2 ஜிபி தரும் 189 ரூபாய் பேக் நான்கு, 756 ரூபாய். 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு 399 ரூபாய், வரியோடு 471. ஆக 1,227. ஏறக்குறைய அதே செலவில் வெளிச்சுவரைக் கடக்க வேண்டிய பிரச்சினையே இல்லாத இணையம். வாடகை வீட்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பவருக்கு இது பொருந்தாது, கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும்.

வடசென்னைக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்திலும் மின்சாரம் போய், கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து கைபேசிகள் ஊமையாயின. 2018 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பெரிதாக வேரூன்றியிருந்த ஏர்செல் சேவை புயல் இல்லாமலே நின்றுபோனது. இரண்டாவது சிம் இருப்பது அதனால் வீண் செலவல்ல. ஆனால் இரண்டும் வேறு வேறு கோபுரத்தில் இருப்பது முக்கியம். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா இரண்டும் பெரும்பாலும் இண்டஸ் டவர்ஸ் கோபுரங்களைப் பகிர்ந்துகொள்பவை. ஜியோவின் கோபுரங்களில் பெரும்பகுதி சம்மிட் டிஜிடெல் நிறுவனத்துடையவை. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் வரை பயன்படுத்தாவிட்டாலும் துண்டிக்கக் கூடாது என்பது விதி. அதன் பிறகும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும்.

நிறுவனத்தையே மாற்றுவது என்று முடிவெடுத்தால், அதே எண்ணோடு மாறும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, கைபேசி எண்ணையும் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். நான்கு நாள் அது செல்லும். அதோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுபவருக்கு மூன்று வேலை நாளில் முடியும். பழைய சிம்மில் உள்ள பாக்கித் தொகையும் மிச்ச டேட்டாவும் கூட வராது, அவற்றைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். மாறிய பின் 90 நாளுக்குத் திரும்ப மாற முடியாது. ஆகவே மாறும் முன் அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியை இரவு எட்டரை மணிக்குச் சிறிது நேரம் வாங்கி, கதவைச் சாத்தி, உள்ளறையில் பிள்ளை படிக்கும் இடத்தில் வைத்து டிபிஎம்மையும் வேகத்தையும் பார்த்துவிட வேண்டும். டிராயின் மைஸ்பீட் ஆப் அதற்குப் போதும்.